வெள்ளைப் பெட்டியின் முன்னால்...



மூன்று வாரங்களுக்கு முன், வடக்கே ஒரு தோட்டத்தில் துக்க வீட்டுக்குப் போய் வந்தோம். இறந்தது நான்கு வயதுப் பெண் குழந்தை. தகப்பன் பால்மரம் வெட்டுகிறவர். தாய்க்கு வெளிக்காட்டு வேலை. கிறிஸ்துவக் குடும்பம். பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் கோயிலில் ஜூலைத் திருநாளன்று நேர்ந்துகொண்டு பெற்ற ஒரே பிள்ளை!

லய வாசலில் சின்ன வெள்ளைப் பெட்டி. உபதேசியார் ஜெபமாலை சொன்னார். பக்கத்து வீட்டு இந்துப் பெண்கள், பதில் ஜெபம் தெரியாவிட்டாலும் கைகூப்பி நின்றார்கள். குழி வெட்டியவர்களில் இரண்டு பேர் இந்தோனேசியத் தொழிலாளர்கள். பாதிரியார் வெள்ளை உடையில் வந்தார். ஞானஸ்நானம் பெற்ற சிறு பிள்ளைக்கு அதுதான் அவர்கள் முறை. பாவம் அறியாத பிள்ளை நேரே மோட்சம் போகும் என்பது நம்பிக்கை.

"சம்மனசாப் போயிட்டா, அழாதே புள்ள," என்று ஒரு கிழவி தேற்றினார்.

"மாதாகிட்டதான் சம்மனசு நெறைய இருக்கே பாட்டி. எனக்கு இது ஒண்ணுதானே இருந்துச்சு," என்றார் தாய்.

அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? நாமும் தலைகுனிந்து நின்றோம்.

நடந்தது என்ன? மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் உடம்பு குளிர்ந்தது. "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று நம்பித் தாய் பெரட்டுக்குப் போனார். பொழுது சாயும்போது பிள்ளைக்கு வயிற்றுவலி, வாந்தி. கைகால் சில்லிட்டுப் போனது. தோட்டத்து வண்டி நின்றது, சாவிதான் இல்லை! சாவி வைத்திருந்தவர் டவுனுக்குப் போயிருந்தார். கடைசியில் மோட்டார் சைக்கிளில், இருவருக்கும் நடுவே பிள்ளையை அணைத்துக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது. டிங்கி என்றார் டாக்டர்.

தாய்மார்களே, இதை மனதில் வையுங்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, கைகால் சில்லிடுவது இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். வெட்டாமல் விட்ட மரங்களில் மங்கைக் கவிழ்த்து வையுங்கள். அதில் தேங்கும் மழைத்தண்ணீரே அந்தக் கொசுவுக்குத் தொட்டில்.

இந்தச் சாவை "ஆண்டவர் அழைத்துக்கொண்டார்" என்று தாய் சொல்லலாம். அது அவர் விசுவாசம். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் நிர்வாகம் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் அவர் பிள்ளைகுட்டிகளுக்கும் மருத்துவ வசதி செய்வது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் வீடமைப்பு, வசதிகள் சட்டம் சொல்கிறது. இருட்டில் சாவியைத் தேடி ஒரு தகப்பன் ஓடுவதுதான் வசதியா?

இன்னொரு கொடுமை! புதைத்து மூன்றாம் நாள் அந்தத் தகப்பன் வெட்டுக்குப் போய்விட்டார். "வூட்ல ஒக்காந்தா சம்பளம் யாரு குடுப்பா அண்ணே?" என்று நம்மைக் கேட்டார். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள், தகப்பனுக்கு 7 நாள் என்று ஆக்கினார்கள். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் பிள்ளை பிறந்தால் 7 நாள் கொடுக்கும் அந்தச் சட்டத்தில், பிள்ளை செத்தால் ஒரு நாளும் இல்லை! கூட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. சம்பளப் பேச்சுக்கு உட்காரும்போது துக்க விடுப்பையும் நாம் மேசையில் வைக்க வேண்டும். கேட்க வெட்கப்படுவானேன்? பெற்ற மனம் பித்து என்பது துரைமாருக்கும் தெரியாதா என்ன?

ஒவ்வொரு கிளையும் இந்த வாரமே விசாரியுங்கள்: ராத்திரியில் வண்டிச் சாவி யாரிடம்? ஓட்டுகிறவர் யார்? ஆஸ்பத்திரி நம்பரும் 999-உம் லயத்துச் சுவரில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் மண்டோரிடம் முணுமுணுத்துப் பயனில்லை. கடிதமாக எழுதி நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

அந்தப் பிள்ளைக்கு முப்பதாம் நாள் பூசை வருகிறது. நாங்கள் போகிறோம். பூசை முடிந்ததும் அதே லய வாசலில் கிளைக் கூட்டம். தகப்பனே கூட்டச் சொன்னார். "இன்னொரு வூட்டுக்கு இது வரக்கூடாது," என்றார்.