பச்சை மேஜையும் பட்டறைப் பையனும்

"ஸ்னூக்கர் ஆடுற பையன்" என்றால் நம் அனுப்பர்பாளையத்தில் என்ன அர்த்தம்? வகுப்பைக் கட் அடிக்கிறவன். அப்பன் சனிக்கிழமை வாங்கிவருகிற கூலியை மணிக்கணக்கு வாடகைக்குத் தொலைக்கிறவன். நாலு பேரோடு சேர்ந்து கெட்டுப்போகிறவன். பெரியவர்களே, இந்த முத்திரையைக் குத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள்! மாணவ நண்பர்களே, நீங்களும் கொஞ்சம் கேளுங்கள். "நான் புரொபஷனல் ஆகப்போறேன், டிப்ளமோ எதுக்கு?" என்று கிளம்புகிறவனுக்கும் இந்தக் கட்டுரையில் சேதி இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். இது சீமையில் பிறந்து இங்கே வந்த ஆட்டம் அல்ல. 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பிற்காலத்தில் பிரதமரானவர் வேறு, இவர் வேறு) பில்லியர்ட்ஸ் மேஜையில் கலர் பந்துகளைக் கூட்டி ஆடிப் பார்த்தார். பிறகு 1880-களில் அதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது எங்கே தெரியுமா? நம் ஊட்டி கிளப்பில்! அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வருகிற அதே ஊட்டிதான். பெயர் வந்த கதை இன்னும் சுவை. வூல்விச் ராணுவக் கல்லூரியில் 'ஸ்னூக்கர்' என்றால் முதல் வருஷ மாணவன் என்று கிண்டல் பெயர். சுலபமான பந்தைக் கோட்டைவிட்ட ஒருவரை அப்படி அழைக்கப்போய், அதுவே ஆட்டத்துக்குப் பெயராகிவிட்டது. நம் முதலாமாண்டுத் தம்பிகள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

ஆட்டம் நம் மலையில் வளர்ந்தது. ஆனால் மேஜை? அது ரொம்ப காலம் கிளப்பு மெம்பர்களைத் தாண்டி வெளியே வரவில்லை. காரணம் லேசானதுதான். 12 அடி நீளம், 6 அடி அகலம், அடியில் கற்பலகை, மேலே கம்பளித் துணி. ஒரு டன்னுக்கு மேல் கனம். திண்ணையில் போட்டு ஆடுகிற கேரம் போர்டு அல்ல இது. சுவர் இருந்தால்தானே சித்திரம்? மேஜை இல்லாத ஊரில் எப்பேர்ப்பட்ட கை இருந்தும் என்ன பிரயோஜனம்?

சரி, ஒரு பையனுக்கு மேஜையும் கிடைத்தது, கையும் அமைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அமெச்சூர் எப்படி புரொபஷனல் ஆகிறான்? பெரிய அமெச்சூர் பட்டம் ஒன்றை ஜெயிக்க வேண்டும், அல்லது 'கியூ ஸ்கூல்' என்ற தேர்வுப் போட்டியில் தேற வேண்டும். அப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு 'கார்டு' கொடுப்பார்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து இடம் ஏறக்குறைய 128 தான். இரண்டு வருஷம் முடிகிறபோது முதல் 64-க்குள் இல்லையென்றால், கார்டு போச்சு, மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

நம்மூர்ப் பாஷையில் சொன்னால் இது சுத்தமான பீஸ் ரேட் வேலை. ஜெயித்தால் காசு, தோற்றால் பஸ் செலவும் கைக்காசு. 2022-ல்தான் சீசனுக்கு 20,000 பவுண்டு உத்தரவாதம் என்று அறிவித்தார்கள். அதுவும் என்ன? பரிசுப் பணத்தில் கழித்துக்கொள்ளும் அட்வான்ஸ்! பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் அட்வான்ஸ் வாங்கியவர்களுக்கு அதன் கனம் தெரியும். போட்டிகளில் பெரும்பகுதி பிரிட்டனில். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி மேஜை எல்லாவற்றுக்கும் பவுண்டில் அழ வேண்டும்.

பங்கஜ் அத்வானியைப் பாருங்கள். 1985-ல் பூனாவில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோதே முன்னாள் தேசிய சாம்பியன் அரவிந்த் சவூரிடம் பாடம் கற்றார். 2003-ல் சீனாவில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் வாங்கியபோது வயது 18. ஆனால் புரொபஷனலாக இறங்கியது எப்போது? 2012-ல்! இடையில் ஒன்பது வருஷம். 2013 வெல்ஷ் ஓப்பனில் கால் இறுதிவரை போனார். அப்படியும் 2014-ல் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். தோற்று ஓடிவந்தவரா? இல்லவே இல்லை. 2015-லும் 2017-லும் மறுபடி உலக அமெச்சூர் ஸ்னூக்கர் சாம்பியன், 2018-ல் பத்மபூஷண். அவர் ஓ.என்.ஜி.சி.யில் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதையும் மறக்கக்கூடாது. மாதச் சம்பளம் என்ற தரை காலுக்கடியில் இருந்தது.

இன்னொருவர் மும்பையின் ஆதித்ய மேத்தா. 2013-ல் டெல்லியில் நடந்த இந்தியன் ஓப்பனில் இறுதி ஆட்டம்வரை போனார். தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதிக்குப் போன முதல் இந்தியர் அவர்தான். எதிரே சீனாவின் டிங் ஜுன்ஹுய். 5-0 என்று டிங் ஜெயித்தார். அந்த டிங் 2005-ல் சைனா ஓப்பனை வென்றபோது வயது 18 தான். 18 வயதில் இருவருக்கும் பட்டம் வந்தது. அத்வானிக்கு வந்தது அமெச்சூர் பட்டம், டிங்குக்கு வந்தது புரொபஷனல் பட்டம். கையிலா குறை? இல்லை. அமெச்சூருக்கும் புரொபஷனலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் திறமை மட்டும் நிரப்பாது; மேஜை நேரமும் சோற்றுக்கவலை இல்லாத சில வருஷங்களும் வேண்டும். என் கட்சி இதுதான்.

"அதெல்லாம் வடக்கத்திக்காரங்களுக்குங்க" என்று சொல்லாதீர்கள். 2025 நவம்பரில் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வாங்கியது யார்? சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன்! இறுதியில் ஹாங்காங்கின் பழுத்த சாம்பியன் இங் ஆன் யீயை 3-2 என்று வென்றார். ஆம்பளைப் பசங்க ஆட்டம் என்று ஒதுக்கிவைத்ததை ஒரு தமிழ்ப் பெண் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

பெற்றோர் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். 2025-ல் உலக சாம்பியன் ஆன சீனாவின் ஜாவோ ஷின்டாங், அந்தப் பட்டத்தை வாங்கியபோது கணக்கில் அமெச்சூர். ஏன்? முன்பு புரொபஷனலாக இருந்து, பந்தயச் சூதாட்ட விவகாரத்தில் 20 மாதம் தடை வாங்கிக் கார்டை இழந்தவர். உச்சிக்குப் போகிற கையையும் சூது பிடித்து இழுக்கும். பூட்டிய கதவுக்குப் பின்னால், பெட் கட்டி ஆடுகிற இடத்தில்தான் பையன் கெடுகிறான். வெளிச்சமான ஹாலில், நோட்டில் கையெழுத்துப் போட்டு ஆடுகிற இடத்தில் அவன் கெட வழி குறைவு.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. பாலிடெக்னிக்கில் ஒரு மேஜை. உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற ஊர் இது. முதலாளிகள் நாலு பேர் கைகோத்தால் முடியாதா? பராமரிப்பு நம் பொறுப்பு. கற்பலகையை மட்டம் பார்க்க மெக்கானிக்கல் பசங்க போதும். கம்பளித் துணியின் மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும், மெதுவாகப் போகிற பந்து அதற்கேற்ப விலகும்; அதனால் அடிக்கடி பிரஷ் போட்டு இஸ்திரி போட வேண்டும். இஸ்திரி போடுகிற கைக்குத் திருப்பூரில் பஞ்சமா, சொல்லுங்கள்!

தம்பிகளுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஆடுங்கள், வெறியோடு ஆடுங்கள். ஆனால் டிப்ளமோவை விட்டுவிட்டு ஆடாதீர்கள். அது கையில் இருந்தால் ஒரு வேலை, அந்த வேலை இருந்தால் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மேஜை. அப்படித்தான் ஒன்பது வருஷம் தாக்குப்பிடிக்க முடியும். பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: பித்தளைத் தகட்டைத் தட்டித் தட்டிக் குடமாக்குகிற ஊரில், கைத்திறமையைக் கண்டு பயப்படலாமா?