கணக்கு யாருடையது?

'எண்கணிதம்' என்ற பாடப்பெயருக்கு விளக்கம் கூறப் புகும் ஆசிரியர், "அரித்மெற்றிக் என்பது கிரேக்கச் சொல், அரித்மோஸ் என்றால் எண், தெக்னே என்றால் கலை, ஆகவே எண்ணுங்கலை" என்று முடித்துவிடுவது வழக்கம். சொல் பிறந்த மொழியைக் கூறி, அது வளர்ந்த சமுதாயத்தை மறைப்பது குறைக்கல்வியாகும்.

கிரேக்கர் எண்ணறிவை இரண்டாகப் பிரித்தனர். எண்களின் இயல்பை ஆராய்வது அரித்மெற்றிக். கொடுக்கல் வாங்கலுக்குரிய கணிப்பு லொகிஸ்திக். வணிகரைப்போல விற்கவும் வாங்கவும் எண்ணைக் கற்றலாகாது, உண்மையை நோக்கி ஆன்மாவைத் திருப்பவே கற்றல் வேண்டும் என்று பிளேட்டோ வாதித்தார். அடிமைகளின் உழைப்பால் ஓய்வு பெற்ற கூட்டத்துக்கே அப்பேச்சு கைகூடும்.

தமிழில் 'எண்' என்ற ஒரே சொல் இலக்கத்தையும் சிந்தனையையும் குறிக்கிறது. 'கணக்கு' என்பது வரவுசெலவுக்கும் பெயர், நூலுக்கும் பெயர்; பதினெண்கீழ்க்கணக்கு இதற்குச் சான்று. ஆசிரியனைக் கணக்காயன் என்றனர். இதைக் கூறிப் பழம்பெருமை பேசுவோர் கண்டிச் சீமையின் தோட்டங்களையும் சற்றே பார்க்கட்டும்.

கம்பளைக்கருகே சின்னப்பிட்டியில் 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். இம்மலைகளில் கணக்கேடு ஏந்தியவன் கணக்கப்பிள்ளை. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் பெரிய கங்காணி தலைக்காசு பெற்றான். கடனை எழுதியவன் ஒருவன், சுமந்தவன் மற்றொருவன். அக்கடனைக் குறித்த 'துண்டு'ச் சீட்டோடு தொழிலாளி தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினான். எழுதியவனும் சுமந்தவனும் தமிழரே!

1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. ஆயினும் ஒருநாள் உழைப்பு 'ஒரு பேர்' என்றும், கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்' என்றும் வழங்கும் வழக்கு நிலைத்தது. மனிதனின் பெயரையே இரண்டால் வகுக்கும் எண்கணிதம் இது!

ஆட்சியாளரும் இவ்வாறே வகுத்தனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களை 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 எனக் கணக்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பங்கிட்டபின் எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கே வாழ விருப்பம் என்று அம்மக்களைக் கேட்டபின்னரா இத்தொகைகள் எழுதப்பட்டன? எண்ணினார்கள், எண்ணிப் பார்க்கவில்லை.

"கணக்குக்குக் கட்சியில்லை, இரண்டும் இரண்டும் எவர்க்கும் நான்கே" என்பர் சிலர். உண்மைதான். ஆனால் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, ஏட்டை யார் படித்துப் பார்ப்பது என்பவற்றில் கட்சி உண்டு. 'கழிவு' என்று கொழுந்தின் நிறையைக் குறைக்கச் சொல்வது தராசா, தராசைப் பிடித்தவனா? 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1970களில் அரசு ஏற்கும்வரை தோட்டப் பள்ளிகள் பெரிதும் அதற்குப் புறம்பாகவே கிடந்தன. கணக்கறியாத தொழிலாளியால் இலாபம் அடைந்தோர் யாரென்று சொல்லவும் வேண்டுமோ?

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! அரித்மோஸ் என்ற சொல்லைத் தாராளமாகக் கற்பியுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். அதன் அடியில் தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சீட்டொன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள்: வேலைநாள், நாட்கூலி, கழிவுகள், கைக்கு வந்தது. கணக்குக் கேட்பது என்றால் நம் மொழியில் பொறுப்புக் கேட்பது என்றும் பொருள். அப்பொருளைக் கற்பிக்காத ஆசிரியருக்கு அன்றைய உழைப்பில் அரைப்பேரே உரியது.