இருபது மீட்டர் வழி

கடல் தெரியும் அறைக்கு ஒரு வாடகை, தோட்டம் தெரியும் அறைக்கு ஒரு வாடகை. கடலோர நட்சத்திர விடுதிகளின் கட்டணப் பட்டியலில் இந்த வேறுபாடு இல்லாமல் இருப்பது அரிது. கட்டில் ஒன்றுதான், குளியலறை ஒன்றுதான், காலைப் பலகாரமும் ஒன்றுதான். கூடுதல் பணம் ஜன்னலுக்கு வெளியே இருப்பதற்காக வாங்கப்படுகிறது. அந்தக் கடலை விடுதி உண்டாக்கவில்லை. அலை ஏறி இறங்கும் மணல் சட்டப்படி அதற்குச் சொந்தமும் இல்லை. இந்தியாவில் ‘தனியார் கடற்கரை’ என்று ஒன்று கிடையாது. இருந்தும் அந்தச் சொல் சுற்றுலா விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. விருந்தினரும் அதை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். கடலோர விடுதிக்குப் போகிறவர் தேடும் கலகலப்பு, திறந்த கடற்கரையிலிருந்து வருவது. அதை வேலிபோட்டு அடைத்தால் ஊராருக்கு நட்டம் என்பது தெரிந்த செய்தி. விடுதிக்கும் அது நட்டமே என்பதுதான் இங்கே போதிய அளவு பேசப்படவில்லை.

ரியோ டி ஜெனிரோவின் கோபகபானா பேலஸ் விடுதி 1923இல் திறக்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் தென் அமெரிக்காவின் பேர்பெற்ற சொகுசு விடுதிகளில் ஒன்றாக நிற்கிறது. அதன் வாசலுக்கும் மணலுக்கும் நடுவே அகன்ற பொதுச்சாலை ஓடுகிறது. சாலையை ஒட்டி, 1970 வாக்கில் நிலத்தோற்றக் கலைஞர் பூர்லே மார்க்ஸ் விரித்து வடிவமைத்த கறுப்பு வெள்ளைக் கல் பதித்த நடைபாதை. அதற்கப்பால் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுக் கடற்கரை. விடுதியில் தங்கியிருக்கும் செல்வந்தரும், மலைச்சரிவுக் குடியிருப்பிலிருந்து பந்தோடு இறங்கி வரும் பையனும் கால் வைப்பது ஒரே மணலில். புத்தாண்டு இரவில் அந்தக் கரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். அப்போது விடுதியின் மாடத்தில் நிற்கிறவர் பார்க்க வந்தது கீழே திரண்டிருக்கும் கூட்டத்தையும், அந்தக் கூட்டம் அண்ணாந்து பார்க்கும் வாணவேடிக்கையையும்தான். கடற்கரைகள் எல்லோருக்கும் பொதுவானவை, அங்கே செல்வதைத் தடுக்கக் கூடாது என்று பிரேசில் 1988இல் சட்டமே இயற்றியது. அங்கும் கரை இயற்கையாக இருந்தபடியே விடப்படவில்லை; மணல் கொட்டி அகலப்படுத்தினார்கள். ஆனால் அகலப்படுத்திய மணல் ஊருக்குச் சேர்ந்தது, விடுதிக்கு அல்ல. அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. 1880களில் கிராண்ட் டஃப் சென்னை ஆளுநராக இருந்தபோது உருவான மெரினா உலாச்சாலை இதே அமைப்புதான்: கம்பீரமான கட்டடங்கள் ஒரு பக்கம், நடுவில் சாலை, மறுபக்கம் முழுக்க மக்களின் மணல். மெரினாவின் களை நிலைத்தது அந்தச் சாலை போட்ட கோட்டால்தான்.

விடுதி கட்டத் தெரிந்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். கேரளத்தின் கோவளத்தில் 1969 முதல் 1974 வரை அரசுக்காகக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா ஒரு கடற்கரை விடுதியை எழுப்பினார். மணலை ஒட்டிய சமதளத்தை விட்டுவிட்டு, பின்னாலிருந்த குன்றின் சரிவில் படிப்படியாக அறைகளைச் செருகினார். ஒவ்வோர் அறைக்கும் கடல் தெரிந்தது. கரையோ கட்டடத்துக்குள் சிக்கவில்லை. பாலித் தீவின் சனூரில் 1966இல் பத்து மாடிக் கடற்கரை விடுதி ஒன்று எழுந்தது. அதன் பிறகு, தென்னை மரத்துக்கு மேல் கட்டடம் உயரக் கூடாது என்று கருதி 15 மீட்டர் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பால் பாலிக்கு வருகிறவர்கள் குறைந்துவிடவில்லை. கட்டுப்பாடு வந்தால் சுற்றுலா வேறு நாட்டுக்கு ஓடிவிடும் என்று இங்கே அடிக்கடி அச்சுறுத்துகிறார்கள். பாலியைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்வது கடினம்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கடற்கரையைக் கட்டடங்களின்றிக் காக்க வேண்டும் என்று 1981 நவம்பரில் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார். 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன் பிற்சேர்க்கையில் கடற்கரை விடுதிகளுக்கென்றே தனி நிபந்தனைகள் இருந்தன. அவற்றைப் படித்தால், எழுதியவர்கள் கரையை நன்கு அறிந்தவர்கள் என்று தோன்றும். மணற்குன்றுகளைச் சமன்படுத்தக் கூடாது. கட்டடம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது. வேலி போட்டாலும் அது பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது. இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகல வழி விட வேண்டும். 2011 அறிவிக்கையும் இந்த வழியைக் கைவிடவில்லை. 1994இல் சுற்றுலாத் துறைக்காகச் செய்த தளர்வுகளில் முக்கியமானவற்றை 1996இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2009இல் கோவாவின் வைங்கினிம் கடற்கரை வழக்கில் இன்னும் தெளிவாகப் பேசியது: அரசு கையகப்படுத்திக் கொடுத்த நிலத்தில் எழுந்த விடுதி, மக்கள் கடற்கரைக்குப் போய்வந்த வழியை அடைக்க முடியாது, இயற்கை வளங்களை அரசு மக்களின் அறங்காவலராக இருந்தே பேணுகிறது, அவற்றைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க அதற்கு உரிமையில்லை. இதற்குப் பிறகும் 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறக் கடலோரங்களில் கட்டடம் கூடாத பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில்தான் கரை அகலமாக வேண்டும். அங்கே அதைக் குறுக்கியது தவறு என்றே சொல்வேன்.

கட்டடம் எவ்வளவு தள்ளி இருந்தால் என்ன, கடலைப் பார்க்கத்தானே போகிறோம் என்று விருந்தினர் நினைக்கலாம். ஆனால் அந்த மணல் வெறும் பார்வைப் பொருள் அல்ல, வேலைக்களம். கரைவலை இழுப்பதை எண்ணிப் பாருங்கள். படகு வலையைக் கடலில் வளைத்து விட்டுவிட்டு வர, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுக்கிறார்கள். தொடக்கத்தில் இரு கூட்டத்துக்கும் இடையே சில நூறு மீட்டர் இருக்கும். வலை கரையை நெருங்க நெருங்க இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். நடுவே ஒரு வேலியோ கல்வரிசையோ சாய்வு நாற்காலிக் கூட்டமோ இருந்தால் அந்தத் தொழில் அங்கே முடிந்தது. நெத்திலி காய வேண்டும், வலை பொத்த வேண்டும், புயல் எச்சரிக்கை வந்தால் ஃபைபர் படகுகளை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 600 மீனவ ஊர்கள் இப்படித்தான் மணலை ஆண்டு வருகின்றன. அவர்களிடம் பட்டா இல்லாதிருக்கலாம். எந்த இடத்தில் யார் படகை ஏற்றுவது, எது பொதுவில் விடுவது என்று தலைமுறைகளாகத் தீர்த்துவைத்த ஒழுங்கு இருக்கிறது. விடுதிக்காரர் வரைபடத்தில் ‘காலி இடம்’ என்று பார்ப்பது அந்த ஒழுங்கைத்தான்.

இனி மணலின் கணக்கு. சோழகக் காற்றுக் காலத்தில் நம் கரையோர மணல் வடக்கே நகர்கிறது, வாடைக் காலத்தில் ஓரளவு தெற்கே திரும்புகிறது. மொத்தத்தில் வடக்கே போவதே மிகுதி. சென்னைத் துறைமுகம் குறுக்கே நின்றதால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தேய்ந்தது. அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மணல்மேடு கடலின் சேமிப்பு. புயலில் கடல் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், அமைதிக் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். மேட்டை வழித்துவிட்டு அதன்மேல் நீச்சல் குளம் கட்டினால் அந்தச் சேமிப்பு காலி. மெக்சிகோவின் கான்கூன் இதற்கு முழுமையான பாடம். கரீபியக் கடலுக்கும் நிச்சுப்தே காயலுக்கும் நடுவே கிடந்த ஒடுங்கிய மணல்திட்டின்மீது அரசே திட்டமிட்டு எழுப்பிய விடுதி நகரம் அது. முதல் விடுதிகள் 1974இல் திறந்தன. மணற்குன்று இருந்த வரிசையிலேயே கட்டடங்கள் எழுந்தன. 2005 அக்டோபரில் வில்மா புயல் வந்து நின்று போனபோது, நகரம் விற்றுவந்த வெள்ளை மணலில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. கடலடியிலிருந்து மணல் உறிஞ்சி 2006இல் கொட்டினார்கள். அது அரித்துப் போக, 2009-10இல் மறுபடி கொட்டினார்கள். தண்ணீருக்கு அருகே நெருங்கி உட்கார்ந்ததால் கிடைத்த இலாபத்துக்குப் பின்னால் இப்படியொரு செலவு காத்திருந்தது. அலையைத் தடுக்கக் கல் கொட்டலாமே என்பார்கள். கல் பின்னாலிருக்கும் கட்டடத்தைக் காக்கும், முன்னாலிருக்கும் மணலைக் காக்காது. பக்கத்து ஊரின் மணலையும் சேர்த்துக் கெடுக்கும். கடற்கரை இல்லாத கடற்கரை விடுதியில் யார் தங்குவார்?

எதிர்வாதங்களில் கனமானது பாதுகாப்பும் தனிமையும் பற்றியது. நீச்சலுடையில் நிற்கும் பெண்ணை முறைத்துப் பார்ப்பதும் படமெடுப்பதும் நம் கடற்கரைகளில் நடக்கிறது. குப்பையும் உடைந்த பாட்டிலும் கிடக்கின்றன. இவற்றிலிருந்து விலகி இருக்கத்தான் பணம் கொடுக்கிறோம் என்று விருந்தினர் சொன்னால் அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அந்தத் தொல்லை விடுதிக்கு வெளியே மணலில் நடக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் உண்டு. சிலருக்கு வேலி, மற்றவர்களுக்குத் தொல்லை என்பது தீர்வாகாது. உயிர்காப்பாளர், ரோந்து, கழிப்பறை, உடைமாற்றும் அறை, ஒழுங்காகக் குப்பை எடுத்தல் ஆகியவை கரை முழுவதற்கும் வேண்டும். அவற்றின் செலவில் கரையால் பிழைக்கும் விடுதிகள் பங்கேற்பது நியாயம். முழுத் தனிமையே வேண்டுமென்பவர்களுக்கு மாலத்தீவு இருக்கிறது. 1972இல் குரும்பா விடுதி திறந்ததில் தொடங்கி, ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்ற முறையில் ஆளில்லாத தீவுகளை அங்கே விடுதிகளாக்கினார்கள். அங்குகூட, மக்கள் வாழும் தீவுகளுக்குச் சுற்றுலா வருவாய் நேராகச் சேரவில்லை என்ற குறை வளர்ந்து, 2009க்குப் பிறகு மாஃபுஷி போன்ற ஊர்த் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகின. ஆளில்லாத் தீவுக்குப் பொருந்திய ஏற்பாட்டை, பத்து நிமிட நடையில் அடுத்த குப்பம் இருக்கும் செங்கல்பட்டுக் கரைக்குக் கொண்டுவந்து பொருத்த முடியாது.

வேலைவாய்ப்பு வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. விடுதிகள் வேலை தருகின்றன, அது உண்மை. 200 மீட்டர் பின்னால் நிற்கும் விடுதியும் அதே எண்ணிக்கையில்தான் சமையல்காரரையும் அறைப் பணியாளரையும் வைத்துக்கொள்ளும். திறந்த கரை இருந்தால் அதற்கு மேல் மீன் வறுவல் கடைக்காரருக்கும் சுண்டல் விற்பவருக்கும் அலைச்சறுக்கு கற்றுத்தரும் மீனவ இளைஞருக்கும் பிழைப்பு கிடைக்கும். சென்னைக்குத் தெற்கே அலைச்சறுக்கால் பேர்பெற்ற நம் கோவளத்துக் கரை அதற்குச் சான்று.

கலகலப்பிலும் ஒரு வரம்பு வேண்டும். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் நம் கரையேறி முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் இருட்டில் எந்தத் திசை வெளிச்சமாகத் தெரிகிறதோ அதைக் கடல் என்று நம்பி ஓடும். மணலை நோக்கித் திருப்பிய விடுதி விளக்கு அவற்றை நிலத்துக்குள் இழுத்துவிடும். 1988 முதல் சென்னை மாணவர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளை எடுத்துக் காத்துப் பொரிக்க வைக்கிறார்கள். அவர்களுக்கு விடுதிகள் செய்யக்கூடிய உதவி, மூன்று நான்கு மாதங்களுக்குக் கடல் பக்க விளக்குகளை அணைப்பது. நட்சத்திரம் தெரியும் கரையை எந்த விருந்தினரும் குறை சொல்லப் போவதில்லை.

புதிய சட்டம் எதுவும் உடனே தேவையில்லை. 1991க்குப் பிறகு அனுமதி பெற்ற ஒவ்வொரு கடலோர விடுதியின் கோப்பிலும் பொதுவழி எங்கே என்று காட்டப்பட்டிருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் அந்தக் கோப்புகளை எடுத்து, சர்வே எண்ணோடு வழிகளைப் பட்டியலிட்டு, சாலையிலிருந்து தெரியும்படி தமிழில் பலகை நட வேண்டும். வழி இல்லாத இடத்தில் உரிமம் புதுப்பிக்கப்படக் கூடாது. வழி உண்டு என்று சொல்லிக்கொண்டு, காவலாளி நிற்கும் ஒற்றைக் கதவைக் காட்டினால் அதை ஏற்கக் கூடாது. நடந்து போகிறவருக்கு இரண்டு மீட்டர் போதும். இருபது மீட்டர் இருந்தால்தான் படகை இழுத்துவரும் டிராக்டர் உள்ளே வரும்போது வலைக்கட்டைத் தோளில் சுமந்த ஆட்கள் எதிரே வர முடியும், மீன் கூடைகளோடு பெண்கள் ஒதுங்கி நிற்க முடியும், கடலில் சிக்கிய யாரையோ ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் சாலைக்குத் திரும்ப முடியும்.