புதுப் போனும் பழைய தபால்காரனும்

எனக்குப் புதுப் போன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. 2006-ல் வாங்கியது ஒரு பட்டன் போன், அது செத்த பிறகு வாங்கியது இன்னொரு பட்டன் போன். இந்த இரண்டிலேயே பதினெட்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். யாராவது கூப்பிட்டால் பேசுவேன், நானும் கூப்பிடுவேன். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும் என்றுதான் இருந்தேன்.

இந்தத் தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தாள். "நவம்பர் வந்துட்டா லைஃப் சர்டிபிகேட்டுக்கு பழனிக்குப் பஸ் ஏறி அலையறீங்களே, இனி வீட்ல இருந்தே பண்ணிக்கலாம்பா" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பழையபடி பஸ் ஏறி இறங்க முழங்காலும் சம்மதிக்கவில்லை.

போன் நல்லதா கெட்டதா என்று எழுதப் போவதில்லை. அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நம் வயதுக்காரர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் போனில் வருவதை நாமே படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாது. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் என் திண்டாட்டம். மணி அடித்தால் பச்சையை அமுக்குவதுதான் எனக்குப் பழக்கம். இதில் அமுக்கினால் ஒன்றும் ஆகாது, தள்ள வேண்டும். முதல் இரண்டு நாள் வந்த அழைப்பு ஒன்றையும் நான் எடுக்கவில்லை. "அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா" என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள் மகள். அதோடு, நான் தபால் முத்திரை குத்திப் பழகியவன். தொட வேண்டிய இடத்தில் நான் குத்துகிறேன். ஒரு படத்தை அழுத்திப் பிடித்தால் அது கையோடு வந்துவிடுகிறது, விட்டால் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. பேத்தி என் விரலைப் பிடித்து, "ஈ உட்கார்ற மாதிரி தொடுங்க அப்புச்சி" என்றாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. இதைவிட நன்றாக எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

எழுத்தைப் பெரிதாக்கும் இடத்தை அவள் காட்டிக் கொடுத்ததும் பாதி பயம் போய்விட்டது. மீதிப் பயம் தமிழில் எழுத முடிகிறது என்று தெரிந்ததும் போனது. தமிழில் எழுதுவதற்கென்று மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005-லேயே வந்துவிட்டதாம். எனக்கு அது தெரியாமலே இத்தனை வருடம் போயிருக்கிறது. இப்போது ஒற்றை விரலால் தட்டித் தட்டி நானும் நாலு வரி எழுதுகிறேன்.

அடுத்து, போன் வந்த காரணத்துக்கு வருகிறேன். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இதற்காக 'ஜீவன் பிரமாண்' என்ற முறை 2014 நவம்பரில் வந்தது. அதற்குக் கைரேகைக் கருவி வேண்டும். முகத்தைக் காட்டினாலே போதும் என்பது 2021 நவம்பரில் வந்தது. இரண்டு செயலிகளை இறக்கிக்கொள்ள வேண்டும், ஆதார் எண்ணும் ஓய்வூதிய எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. சான்று எடுத்துக் கொடுப்பவர் யார் என்று முதலில் ஒரு முகத்தைக் கேட்கிறது. பிறகு ஓய்வூதியர் யார் என்று இன்னொரு முகத்தைக் கேட்கிறது. என் போனில் இரண்டும் நான்தான். கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கி வாங்கியே பணம் கொடுத்த எனக்கு, என் சாட்சி நானே என்பது சிரிப்பாக இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து மூன்று தடவை காட்டினேன், ஏற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசலில் காலை வெயிலைப் பார்த்து நின்றேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன். கொஞ்ச நேரத்தில் சான்று ஏற்கப்பட்டதாக எண்ணோடு குறுஞ்செய்தி வந்தது. "நான் உயிரோட இருக்கேன்னு கவர்மெண்ட் ஒத்துக்கிச்சு" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன். "அப்ப அரிசி ஊற வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

இது நல்ல அனுபவம். நாலு நாள் கழித்து வந்தது வேறு மாதிரி.

ஒருவன் நல்ல தமிழில் பேசினான். என் பெயரைச் சொன்னான், 2013-ல் ஓய்வு பெற்றதையும் சொன்னான். "உங்க லைஃப் சர்டிபிகேட் சரியா பதிவாகலைங்க ஐயா, இந்த மாசம் பென்ஷன் நின்னுடும். இப்ப உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும், அதைச் சொன்னீங்கன்னா நானே சரி பண்ணிடறேன்" என்றான். பென்ஷன் நின்றுவிடும் என்று கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. டிங் என்று ஒரு சத்தமும் வந்தது. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்தியைத் திறந்து பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. எதையோ தொட்டேன், அழைப்பு அறுந்துவிட்டது.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தியைத் திறந்தேன். அது என் வங்கியிலிருந்து வந்திருந்தது. ஒரு தொகை போட்டு, அந்தப் பணம் எடுக்க இந்த எண், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. சர்டிபிகேட் என்ற பேச்சே அதில் இல்லை. மறுபடியும் மறுபடியும் அவன் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றியது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. எனக்குப் போன் தெரியாததும், வந்ததை எழுத்துக்கூட்டிப் படித்ததும்தான்.

இந்த ஆறு எண் விஷயத்தில் தபால்காரனாக எனக்கு ஒன்று தோன்றியது. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. அதுவும் ஆறு எண்தான். ஆறில் தொடங்கினால் தென்னாடு, 624 என்றால் திண்டுக்கல் பக்கம், 624601 என்றால் பழனி. "பின்கோடு போடுங்க, பின்கோடு போடுங்க" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு அலைந்தோம். ஊருக்கெல்லாம் தெரிந்தால்தான் அந்த ஆறு எண்ணுக்கு மதிப்பு. இப்போது போனில் வரும் ஆறு எண்ணோ, பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லக் கூடாதது. நம் தலைமுறைக்கு இந்த மாற்றம் சட்டென்று மண்டையில் ஏறாது. கேட்டால் சொல்லிப் பழகியவர்கள் நாம்.

போலீஸ் உடையில் வீடியோவில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிப்பதைப் பற்றிப் பிரதமரே அக்டோபர் 27-ஆம் தேதி வானொலியில் பேசினார். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. யாராவது ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. இந்த எண்ணைக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு.

இனி, இதை எழுத உட்கார வைத்த விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். மகள், மருமகன், சம்பந்தி வீட்டார் இரண்டு பேர். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் குரலில் பேசி அனுப்பியிருந்தார். எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. போனைப் பேத்தியிடம் நீட்டினேன். அவள் ஒரு தொடு தொட்டாள். நடுக்கூடத்தில் அவர் குரல் கணீரென்று வந்தது.

மனைவி போன பிறகு அவர் மகன் வீட்டில் இருக்கிறார். "இன்னொரு கரண்டி சோறு கேக்கக் கூச்சமா இருக்குப்பா. உன்கிட்டதான் சொல்றேன், வேற யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று சொல்லி அழுகிறார். பாவம், பேத்திக்கு எங்கே தொட்டு நிறுத்துவது என்று தெரியும். ஆனால் கை ஓடவில்லை. கடைசிவரை அது ஓடி முடிந்தது. கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. சம்பந்தி அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு திண்ணை ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தபால்காரன், சைக்கிளில் நாலு ஊர் சுற்றுவேன். ஒரு ஊரில் ஒரு அம்மா. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். மாதம் அறுபது ரூபாய் மணியார்டர் வரும். மணியார்டர் பாரத்தின் அடியில் நாலு வரி எழுத ஒரு துண்டு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் கேட்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

ஒரு மாதம் நாற்பது ரூபாய்தான் வந்தது. வழக்கம்போல் படித்தேன். கடன் இருக்கிறது, அதனால் இந்த மாதம் இவ்வளவுதான், அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தான். 'சொல்ல வேண்டாம்' என்பதையும் சேர்த்தே படித்து முடித்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால், அந்த அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய மாமியாரும் கூட இருக்கிறார்.

அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்துவிட்டு, நாற்பது ரூபாயை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த மாதம் நான் சைக்கிளை நிறுத்தியதும் ஓடி வந்து, "சாமி, இப்படி வாங்க" என்று மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். "இங்க வச்சு மெதுவாப் படிச்சிருங்க. பணத்தைத் திண்ணையில குடுத்தாப் போதும்" என்றார். அதன் பிறகு இரண்டு வருடம், மாடு அசைபோடுகிற சத்தத்தில், அந்தக் காதில் விழுகிற அளவுக்கு மட்டும் படித்துக் காட்டினேன்.

செய்தது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது தெரிய, என் கூடத்தில் என் நண்பர் அழ வேண்டியிருந்தது.

அந்த அம்மாவுக்கு வேறு வழி இல்லை. பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர். நமக்கு அப்படியில்லை. தமிழ் தெரியும், கொஞ்சம் இங்கிலீஷும் தெரியும். சோம்பலும் பயமும்தான் போனைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வைக்கிறது. "நீயே பாரு கண்ணு" என்று நீட்டும்போது, நம்மை நம்பி எழுதியவருடைய மானத்தையும் சேர்த்துத்தான் நீட்டுகிறோம். பேங்க் பாக்கியும் டாக்டர் சீட்டும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எங்களுக்கு ஒன்று தெரியவில்லை என்றால் போனைப் பிடுங்கி நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். உங்களுக்கு அரை நிமிட வேலை, எங்களுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். எங்கள் விரலாலேயே செய்ய வையுங்கள். அடுத்த நாள் மறந்துபோய் மறுபடியும் கேட்போம், சலித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லோராலும் இதைக் கற்றுக்கொள்ள முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பார்வை மங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். களை வெட்டித் தேய்ந்த என் மனைவியின் விரல் ரேகை ரேஷன் கடை மிஷினில் ஒரே தடவையில் விழுந்ததே இல்லை. எல்லாம் போனில் வந்துவிட்டது என்று சொல்லி எந்த ஆபீசும் கவுண்டரை மூடிவிடக் கூடாது. நடமாட முடியாதவர் வீட்டுக்கே தபால்காரர் வந்து உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுக்கும் வசதி 2020-லிருந்து இருக்கிறது. தேவைப்படுபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற தபால்காரருக்கு ஒரு டம்ளர் மோரும் கொடுங்கள்.

மறுநாளே பேத்தியிடம் உட்கார்ந்து இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். குரல் செய்தி ஓடும்போது போனைக் காதில் வைத்தால் சத்தம் வெளியே வராமல் காதுக்குள் மட்டும் கேட்கும். குரலை நானே பதிந்து அனுப்புவதும் இப்போது வரும்.

நண்பருக்குப் பதில் அனுப்ப வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம் என்று தோன்றியது. போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், தென்னை மரத்தடியில் நின்று பேசினேன். "கிளம்பி வாப்பா, பத்து நாள் எங்க வீட்ல இரு" என்றேன். மைக் படம் நீல நிறத்துக்கு மாறியது. கேட்டுவிட்டார் என்று அர்த்தமாம். அடுத்த வெள்ளிக்கிழமை பழனி பஸ்ஸில் வந்து இறங்குகிறார்.