பெருநீர் என்னும் மயக்கம்

ஓடும் ஆற்றின் கரையில் இருப்பினும் ஒளுச் செய்யும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி. பலரும் இதனைச் சிக்கனத்திற்கான அறிவுரையாகவே கொள்கின்றனர். எனக்கோ, நீர் மிகுந்திருப்பதாலேயே அதனைப் பாழாக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது என்னும் எச்சரிக்கையாகத் தோன்றுகிறது. சைபீரியாவின் பைக்கால் ஏரியின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வெண்ணம் வலுப்பெறுகிறது.

நிலத்தின் மேல் உறையாது நிற்கும் உலக நன்னீரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவ்வொரே ஏரியில் உள்ளது. ஆழம் 1,642 மீட்டர். இறாலுக்கு உறவான, கடுகளவேயான எபிஷுரா என்னும் சிற்றுயிர் அந்நீரை ஓயாது வடிகட்டித் தெளிய வைக்கிறது. இறைவனின் ஏற்பாடு அத்துணை நுட்பமானது!

இதன் தென்கரையில் 1966இல் காகிதக்கூழ் ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. தூய நீரை நாடி அங்கே அமைத்தவர்கள், கழிவையும் அந்நீரிலேயே கலந்தனர். எழுத்தாளர் வலந்தீன் ரஸ்பூத்தின் முதலானோர் இதனை எதிர்த்து நெடுங்காலம் குரல் கொடுத்தனர். இலக்கியம் பயில்வோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். 1996இல் யுனெஸ்கோ இவ்வேரியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் ஆலை மூடப்பட்டது 2013இல்தான். அதனை நம்பி வாழ்ந்த நகரத்து மக்களின் பிழைப்பும் தாமதத்திற்கு ஒரு காரணம். அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

இத்துணை ஆழம் ஏரியைக் காக்கவில்லையா எனலாம். நடு ஏரி இன்றும் தெளிவானதே. ஆனால் உயிரினங்கள் செறிந்திருப்பது ஆழமற்ற கரையோரத்தில். சிற்றூர்கள், விடுதிகளின் கழிவுநீர் சேருமிடமும் அதுவே. அங்கே ஸ்பைரோகைராப் பாசி அடர்ந்தது. நீர்ப்பஞ்சுகள் நோயுற்று மடிந்தன. ஆதலால் ஏரிப் பாதுகாப்பு என்பது கரையூர்களின் சாக்கடையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன். உலக மரபுப் பட்டயம் அதற்கு ஈடாகாது.

மக்கள் எழுந்தால் பயன் உண்டு என்பதற்கும் பைக்காலே சான்று. ஏரிக்கு மிக அருகில் திட்டமிடப்பட்ட எண்ணெய்க் குழாய்ப் பாதை, இர்கூத்ஸ்க் நகர மக்களின் எதிர்ப்பிற்குப் பின் 2006இல் தொலைவிற்கு மாற்றப்பட்டது.

ஆலைக் கசடோ வேறு கதை. ஆலை மூடிய பின்னும் பல இலட்சம் டன் கசடு கரையோரக் குழிகளில் எஞ்சியது. அடிக்கடி நிலம் நடுங்கும் பகுதி அது.