அந்த மாட்டுக்காரர் என்ன ஆனார்?

நேத்து ராத்திரி 'தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து' பார்த்தேன். 2006ல வந்த படம். 1971லேர்ந்து 1979 வரை உகாண்டாவை ஆட்டிப்படைச்ச இடி அமீன் கதை.

ஆரம்பத்துல ஒரு காட்சி. அமீன் போற கார் ஒரு மாட்டு மேல மோதிடுது. அவன் கையில அடி. கட்டுப்போட வந்த ஸ்காட்லாந்து டாக்டர், மாடு கதறுறது தாங்காம, அமீனோட துப்பாக்கியையே எடுத்து அதைச் சுட்டுடறான். இவனோட தைரியம் அமீனுக்குப் பிடிச்சுப்போச்சு. ஸ்காட்லாந்துக்காரன்னு தெரிஞ்சதும் சட்டையையே மாத்திக்கிறாங்க. அப்புறம் ஒரே சிநேகிதம்தான்.

சரி, மாட்டுக்காரர்? படம் அவரை அங்கேயே விட்டுட்டுக் கிளம்பிடுது. மாடு வளர்க்கிறவன் நான், எனக்கு அதுக்கு மேல மனசு ஓடலை.

ஆனா உண்மையைச் சொல்லணும், ஃபாரஸ்ட் விட்டேகர் சிரிக்க ஆரம்பிச்சதும் நானும் அவரை மறந்துட்டேன். அந்தச் சிரிப்புக்கு ஆஸ்கார் கொடுத்தது தப்பேயில்லை. ஆசியர்களுக்கு 90 நாள் கெடு கொடுத்து விரட்டுறான், ஆளுங்க காணாமப் போறாங்க. அதுக்குள்ள டாக்டரும் வசமா மாட்டிக்கிட்டான், நாமளும்தான்.

என் குறை ஒண்ணுதான். அந்த டாக்டர் நிஜ ஆள் இல்லை, ஜைல்ஸ் ஃபோடன் நாவல்ல வர்ற கற்பனை. நிஜமா செத்த பல்லாயிரம் உகாண்டா ஜனங்க ஓரமா நிக்க, இவன் தப்பிப்பானான்னு நாம பதறுறோம். அந்த மாட்டுக்காரர் வீட்டுத் திண்ணையிலேர்ந்து யாராவது இதை எடுத்திருந்தா, மறுபடி ஒரு ராத்திரி முழிச்சிருந்து பார்ப்பேன்.