செக்யூரிட்டி ப்ளக்இன்னும் ஹோஸ்டிங்காரரும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அதை அண்டி அயனம்பாக்கம், அத்திப்பட்டு பக்கமெல்லாம் சின்னச் சின்னப் பட்டறைகள். இப்படிப்பட்ட பட்டறைக்கு இணையதளம் என்றால் பெரும்பாலும் வேர்ட்பிரஸ்தான். யாரோ ஒரு டிசைனர் செய்து கொடுத்து, கூடவே செக்யூரிட்டி ப்ளக்இன் ஒன்றையும் போட்டு, "எல்லாம் சேஃப் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஒரு நாள் காலையில் தளம் வெள்ளைத் திரையாக நிற்கும். ஹோஸ்டிங் கம்பெனியைக் கேட்டால் ப்ளக்இன் கோளாறு என்பார்கள். ப்ளக்இன்காரர்களைக் கேட்டால் சர்வரில் ஏதோ மாற்றிவிட்டார்கள் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் சொல்வதும் உண்மை!

வேர்ட்ஃபென்ஸையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முழுப் பாதுகாப்பை இயக்கினால், யூசர் டாட் ஐஎன்ஐ போன்ற ஒரு கோப்பில் ஒரு வரி எழுதிவைக்கும். எந்தப் பக்கம் திறந்தாலும் முதலில் என் கோப்பை ஓட்டு என்பது அந்த வரியின் பொருள். அதில் கோப்பின் முழு முகவரியும் இருக்கும். ஹோஸ்ட் வேறு சர்வருக்கு மாற்றும்போது ஃபோல்டர் பாதை மாறினால் போச்சு. இல்லாத கோப்பைத் தேடி பிஹெச்பி அங்கேயே நின்றுவிடும். பதறிப்போய் ப்ளக்இன் ஃபோல்டரை அழிப்பார்கள், பலன் இருக்காது. அந்த வரி ஃபோல்டருக்கு வெளியே அல்லவா இருக்கிறது!

இன்னொரு வகை இதைவிட மோசம். ஹோஸ்ட் திடீரென்று முன்னால் என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி ஒன்றை வைப்பார். அதன் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் ப்ளக்இன் கண்ணுக்கு ஒரே ஐபி முகவரியாகத் தெரியலாம். எங்கோ ஒரு ரோபோ தப்பான பாஸ்வேர்டை நாலு தடவை போட்டால் முதலாளிக்கும் சேர்த்து கதவு சாத்தப்படும். ப்ராக்ஸி தரும் ஹெடரிலிருந்து ஐபியை எடுக்கச் சொன்னால் சரியாகிவிடும். ஆனால் ப்ராக்ஸியே இல்லாத இடத்தில் அப்படி வைத்தால், திருடன் தன் ஐபியைப் பொய்யாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வரலாம். ஆக, எது சரியான செட்டிங் என்பது ஹோஸ்டுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

2012-ல் அப்பாச்சி 2.4 வந்தபோதும் இதே கதை. பழைய ஹெச்டிஆக்சஸ் வரிகள், பொருத்தத்துக்கான மாட்யூல் இல்லாத சர்வர்களில் 500 எரர் கொடுத்தன.

பேங்க் லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று பேங்கிடம், ஒன்று வாடிக்கையாளரிடம். பேங்க் தன் பக்கத்துப் பூட்டை மாற்றினால் சொல்லாமல் மாற்றுமா? இங்கே பழி அதிகம் ஹோஸ்ட் பக்கம்தான். என்றைக்கு, எதை மாற்றப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். 'பராமரிப்புப் பணி' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மெயில் அனுப்புவது அறிவிப்பு ஆகாது. அதுவும் அந்த மெயில் எப்போதோ விட்டுப்போன டிசைனரின் முகவரிக்குப் போகும் (புதுப்பிக்கும் பில் மட்டும் முதலாளிக்குத் தப்பாமல் வந்துவிடும்). பிஹெச்பி பதிப்பு, ஃபோல்டர் பாதை, ப்ராக்ஸி, இந்த மூன்றில் எது மாறுகிறது என்று ஒரு வாரம் முன்பே சொன்னால் போதும். பட்டறைக்காரருக்குப் புரியாவிட்டாலும் விஷயம் தெரிந்தவரிடம் காட்டலாம். ஆர்டர் கேட்டு வருகிறவர் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு அடுத்த பட்டறைக்குப் போனால் அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

ப்ளக்இன்காரர்களும் தப்பிக்க முடியாது. தன் ஃபோல்டருக்கு வெளியே எந்தெந்தக் கோப்பில் கை வைத்திருக்கிறது என்பதை டாஷ்போர்டின் முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும். டிசைனர் அதை ஒரு தாளில் அச்செடுத்து பில்லோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

இப்போதே மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு: அந்த வரியை நீக்கியதும் தளம் வரவில்லையே என்று வேறு எதையும் நோண்ட வேண்டாம். யூசர் டாட் ஐஎன்ஐ கோப்பை பிஹெச்பி வழக்கமாக 300 விநாடிக்கு ஒரு முறைதான் மறுபடி படிக்கும். ஐந்து நிமிடம் காத்திருந்து பார்க்கவும்.